பெரட்டுக்கு வராத போன்

அந்த அக்கா தொலைபேசியில் யாரிடமும் விடைபெற்றதில்லை. சொல்ல வேண்டியது ஒரு வாக்கியம். அது முடிந்ததும் வைத்துவிடுவார். எதிர்முனையில் இருப்பவர் 'சரிக்கா' என்று வாயைத் திறக்கும்போது அங்கே ஆள் இருக்காது. புதிதாகப் பழகுகிறவர்கள் லைன் அறுந்துவிட்டதென்று நினைத்துத் திரும்ப அழைப்பார்கள். "சொன்னது கேக்கலையா?" என்று இரண்டாவது வாக்கியம் வரும். அதோடு அதுவும் முடிந்தது. சொந்த மகனின் நிச்சயதார்த்தத்தையே, "பொண்ணு வீட்டுல சரின்னுட்டாங்க, வெள்ளிக்கெழம வா" என்று எனக்குச் சொல்லி வைத்துவிட்டவர். எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்க நான் நேரில் போகவேண்டியிருந்தது.

இத்தனைக்கும் அவர் நடத்தியது கைப்பேசிக் கடை. பத்தாங் பெர்ஜுந்தாயில் (ஊர்ப் பெயரை மாற்றிப் பல காலமாகிறது, எங்கள் வாய்தான் மாறவில்லை) ஒரு தையல் கடைக்கும் மோட்டார் பட்டறைக்கும் நடுவில் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய போன்கள், சுவரெல்லாம் தொங்கும் உறைகள், கல்லாவுக்குப் பின்னால் அக்கா. போனில் பேசிக்கொண்டே உள்ளே நுழைகிறவர்களுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கமாட்டார்.

"மொதல்ல பைப்ப மூடு. அப்புறம் என்ன வேணும்னு கேளு."

அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்து லயத்தில் ஒரு வரிசை வீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே தண்ணீர்க் குழாய். கைப்பேசிக் கோபுரத்தை அவர் அந்தக் குழாயாகத்தான் பார்த்தார்.

"மேல நிக்குதே டவரு, அது நம்ம லயத்துப் பைப்பு மாதிரி தம்பி. எல்லா வீட்டு வாளியும் வரிசையில நிக்குது. நீ ஒருத்தன் தொறந்துவிட்டுக்கிட்டு ஊர்க்கத பேசுனா, பின்னால நிக்கிறவ பிள்ளைக்கு எதுல பால் கலக்குவா?"

ஒரு வருடம் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் இந்தக் கொள்கையை அவர் செயல்படுத்தியதை நான் பார்த்தேன். தீமிதி நேரம். கூட்டமே கையை உயர்த்தி நேரலை காட்டிக்கொண்டிருந்தது. திருவிழாவுக்கென்று அக்கா போட்டிருந்த தண்ணீர்க் கடையில் ஐஸ் தீர்ந்துபோய், கணவரை அழைத்தால் அழைப்பு போகவில்லை. ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று, "வீடியோவ நிறுத்துங்க! மாரியம்மா உங்க போன்ல தெரியணும்னு அழுதாளா?" என்று கத்தினார். யாரும் நிறுத்தவில்லை. இறங்கிவந்து, முன்வரிசையில் நின்றவர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தாழ்த்தினார். நானும் அதில் ஒருவன். கடைசியில் ஐஸ் வந்தது. எங்கள் கைகளைத் தாழ்த்தியதால்தான் வந்தது என்று அவர் சாதித்தார். கணவரோ, அழைப்பே வரவில்லை, தானாகத்தான் கொண்டுவந்தேன் என்றார்.

அந்தக் கணவர் வழியாகத்தான் அக்காவுக்கு இந்தத் துறை அறிமுகம். தோட்டங்களுக்குள் இருக்கும் கோபுரங்களின் மின்னாக்கிகளுக்கு டீசல் ஊற்றும் குத்தகையாளரிடம் வேன் ஓட்டினார். கோபுரத்தைப் பழுதுபார்க்க வரும் பொறியாளர்கள் சொல்வதில் பாதி அவர் காதில் விழும். அதில் பாதி இரவுச் சாப்பாட்டோடு வீட்டுக்கு வரும். மீதியை அக்கா தாமாகவே நிரப்பிக்கொள்வார். கோபுரத்து உச்சியில் இருக்கும் சிவப்பு விளக்குதான் போன்களைக் கூப்பிடுகிறது என்றார். சார்ஜ் நிற்காத போனை ஐஸ் பெட்டியில் வைத்தால் தேறிவிடும் என்றார். அதை நம்பி என் மனைவியின் போனை வைத்தோம், தேறவில்லை. "உங்க ஐஸ் பெட்டி சரியில்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆனால் ஒரு விளக்கம் மட்டும் சரிதான். நான் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டேன், நான் அப்படிப்பட்ட ஆள். தோட்டத்தில் விடியற்காலையில் மண்டோர், அதாவது கங்காணி, ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைப் பெரட்டு என்போம். அக்கா சொன்னார்:

"உன் போனு சும்மா சிலுவார் பையில கெடந்தாலும், அப்பப்பப் பக்கத்து டவருகிட்டப் போயி 'வந்துட்டேன் மண்டோரே'ன்னு பேரு குடுக்கும். நீ நகந்து போனா அடுத்த மண்டோருகிட்டப் பேரு குடுக்கும். அப்பத்தான் உன்ன யாராச்சும் தேடுனா எந்த மண்டோரக் கேக்கணும்னு மேல இருக்கவனுக்குத் தெரியும்."

"பேரு குடுக்கலன்னாக்கா?"

"பெரட்டுக்கு வரல, அவ்வளவுதான். வராதவன் எல்லாம் செத்துட்டான்னு மண்டோரு எழுதிக்குவானா?"

மண்டோர் எழுதமாட்டார், நான் எழுதுவேன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். குறை கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதே வேலையைச் சும்மாவே செய்கிறேன். ஒரே மகள். அவள் மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்ற நாளிலிருந்து, அவளுடைய போன் எங்கே இருக்கிறது என்று என் போனில் தெரியும்படி செய்துவைத்திருந்தேன். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. மற்றவர்கள் ஓய்வு நேரத்தில் மீன் வளர்ப்பார்கள், நான் புள்ளி வளர்த்தேன்.

ஒருநாள் அந்தப் புள்ளி பழைய ஈயச் சுரங்கக் குட்டையின் நட்டநடுவில் நின்றது. நான் காரை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு கால் செருப்பு வழியிலேயே போய்விட்டது. கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு மலாய்க்காரர்களிடம், யாராவது விழுந்தார்களா என்று அழுதுகொண்டே கேட்டேன். ஒருவர் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றினார், குதிப்பதற்கு. அந்த நேரத்தில் என் மகள் குட்டைக்கு அந்தப் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் தோழி வீட்டில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அக்காவிடம் போய்க் கத்தினேன். அவர்தான் அந்தப் போனை விற்றவர்.

"மண்டோருக்கு நீ அவன் தீம்பாரு காட்டுல இருக்கேன்னுதான் தெரியும் தம்பி. எந்த மரத்துக்குக் கீழ உக்காந்து பீடி குடிக்கிறேன்னு தெரியுமா? குத்துமதிப்பா நடுவுல ஒரு புள்ளி வைக்கிறான். அந்த நடுவுல குட்ட இருந்தா அதுக்கு நான் என்ன பண்ண?"

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த மலாய்க்காரரு குதிச்சிட்டாரா?"

"இல்லக்கா."

"நல்ல மனுசன்," என்றார். அது எனக்கான பாராட்டு அல்ல.

இப்போது அந்தக் கடையில் பபிள் டீ விற்கிறார்கள். கணவர் போனபின் அக்கா ஜொகூரில் மகனோடு இருக்கிறார். தீபாவளிக்கு அழைத்தால் "நல்லா இருக்கேன், நீயும் இரு" என்று ஒரு வாக்கியம் கிடைக்கும். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எப்படிச் சுற்றிவந்தாலும் நான் போய்ச் சேருவது ஒரு சனிக்கிழமைப் பிற்பகலில்தான்.

அன்று மகள் கோல சிலாங்கூரில் பயிற்சி வேலை முடிந்து மோட்டாரில் கிளம்பினாள். பெரிய சாலையில் மண் லோரிகள் அதிகம் என்று செம்பனைத் தோட்டத்துக்குள் புகுந்து வருவாள். நான் எத்தனையோ தடவை வேண்டாம் என்று சொன்ன வழி. நடுவில் தாழ்வான பகுதியில் கொஞ்ச தூரம் லைன் இருக்காது, அந்த வழியில் போகும் எல்லோருக்கும் அது தெரியும். மழை பெய்து ஓய்ந்திருந்தது. வரவேண்டிய நேரம் தாண்டியது. நீலப் புள்ளி தோட்டத்து முகப்பிலேயே நின்றுவிட்டிருந்தது. அழைத்தேன். தொடர்பு கொள்ள முடியவில்லை என்று பதிவுக்குரல் வந்தது. மறுபடி அழைத்தேன். அந்தப் பதிவுக்குரல் பெண்ணிடம் "கொஞ்சம் நல்லாப் பாரும்மா" என்று கெஞ்சினேன் என்று மனைவி பிறகு சொன்னாள். எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் செய்திருப்பேன்.

பிறகு எங்கள் குடும்பம் செய்ததை எங்கள் ஆட்களால்தான் செய்யமுடியும். ரவாங்கில் வேலையில் இருந்த மனைவிக்குச் சொன்னேன். அவள் சுங்கை சோவில் இருக்கும் அவள் தம்பிக்குச் சொன்னாள். "இருங்க மாமா, என் போன்ல அடிச்சுப் பாக்குறேன்" என்றான் அவன். அவன் மனைவி அவளுடைய போனில் அடித்துப் பார்த்தாள். செரண்டாவில் என் அண்ணன், அண்ணன் பிள்ளைகள், பிள்ளைகளின் நண்பர்கள் என்று யார் யாரோ அடித்துப் பார்த்தார்கள். என் போனுக்கு இல்லாத ராசி தங்கள் போனுக்கு இருக்கிறது என்று ஒவ்வொருவரும் மனதார நம்பினார்கள். அழைத்துவிட்டு, கிடைக்கவில்லை என்று சொல்ல என்னை அழைத்தார்கள்.

வீட்டில் நிற்கமுடியாமல் அக்காவின் கடைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொல்லிமுடிப்பதற்குள் என் போன் அடித்தது. மச்சான். "இன்னும் கெடைக்கல மாமா, வேற சிம்முல..."

அக்கா போனை என் கையிலிருந்து பிடுங்கினார். "உன் சிம்மு என்ன தங்கமா? பிள்ள பெரட்டுக்கு வரல. எத்தன பேரு கத்துனாலும் மண்டோரு அதேதான் சொல்லுவான். எல்லாரையும் வைக்கச் சொல்லு." கட். அடுத்து என் அண்ணன். "பிள்ளையோட பேட்டரிய நீங்களே குடிச்சிராதீங்க, வைங்க." கட். என்னைவிடப் பெரியவரை என் எதிரிலேயே ஒருவர் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

பிறகு என் போனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். விற்பனைக்கு இருந்த பழைய போன்களுக்கு நடுவில் அது மட்டும் துடித்துக்கொண்டு கிடந்தது.

"அக்கா, அவ அடிச்சா?"

"அடிச்சா இங்கயிருந்தே தெரியும். டவரு இல்லாத எடத்துல போனு சும்மா இருக்காது தம்பி. 'மண்டோரே, மண்டோரே'ன்னு தொண்ட கிழியக் கத்திக்கிட்டே இருக்கும். சார்ஜ் அதுலயே போயிரும். கொஞ்சமா மிச்சம் இருக்கும்போது லைன் வந்துச்சுன்னா, ஒங்க கூட்டம் மொத்தமும் ஒண்ணா அடிச்சு அதக் கொன்னுரும்."

தம்முடைய பழைய பட்டன் போனை எடுத்து என் மகளின் எண்ணுக்குச் செய்தி தட்டினார். செய்தி அழைப்பைப் போல இல்லையாம். ஆள் இல்லை என்றால் திரும்பி வராமல் மேலேயே காத்துக்கிடக்குமாம், போன் எந்தக் கோபுரத்திடமாவது பெயர் கொடுத்ததும் இறங்குமாம். இறங்கியதும் இவருடைய போனில் ஒரு சத்தம் வரும்படி வைத்திருந்தார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். மலாயில் எழுதியிருந்தார். அழைக்க வேண்டாம், எங்கே என்று செய்தி அனுப்பு.

"ஏன்க்கா மலாயில? அவளுக்குத் தமிழ்ல அடிச்சாலே..."

அக்கா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "போன் யாரு கையில இருந்தாலும் படிக்கணும்ல."

அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவள் வேறு, அவள் போன் வேறு என்பது அந்த நிமிடம் வரை எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடம் நான் காவல் காத்தது ஒரு போனை.

காத்திருந்தோம். பக்கத்துப் பட்டறையில் யாரோ எஞ்சினை முறுக்கி முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எனக்குத் தேத்தண்ணீர் வாங்கித் தந்தார். அதை முழுவதும் குடித்திருக்கிறேன், எப்போது என்று தெரியாது. வேண்டாத தெய்வம் இல்லை. வேண்டுதலில்கூட ஒழுங்கு கிடையாது. மொட்டை போடுகிறேன் என்றேன், பிறகு என் தலையைத் தொட்டுப் பார்த்து, இருக்கிற முடிக்கு அது பெரிய காணிக்கை இல்லை என்று காவடி என்று மாற்றினேன்.

பட்டன் போன் ஒருமுறை 'டிங்' என்றது.

"எறங்கிருச்சு," என்றார் அக்கா. "பேரு குடுத்துருச்சு."

"அப்ப அவ நல்லாயிருக்கா!"

"போனு நல்லாயிருக்கு."

பதில் வரவில்லை. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, போனுக்கு உயிர் இருக்கிறது, யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுவரை இருந்ததைவிட அது கொடுமையாக இருந்தது.

"இப்ப அடிக்கட்டுமாக்கா? லைன் இருக்கே, இப்ப அடிச்சா போகும்தானே?"

எதற்கும் பதில் வைத்திருக்கும் அந்த மனுஷி பெட்டியைத் திறந்து என் போனை எடுத்து நீட்டினார். "எனக்குத் தெரியலப்பா. அடிச்சா பேட்டரி செத்தாலும் சாகும். அடிக்காட்டி... தெரியல. உன் பிள்ள. நீ சொல்லு."

நான் பொறுமையாக முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். நான் அடிக்கத்தான் போனேன். போனைத் திறக்கும் எண் மகளின் பிறந்தநாள். அதை மாற்றி மாற்றித் தப்பாக அடித்தேன். நாள், மாதம், வருடம் எதுவும் வரிசையாகச் சேரவில்லை. சற்று நேரம் கழித்து முயலவும் என்று சொல்லி என் போன் என்னையே பூட்டிவிட்டது. பெற்ற பிள்ளையின் பிறந்தநாள் தெரியாத அப்பாவை அக்கா பிறகு கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டினார். தடுமாறும் கட்டைவிரலோடு, வாயைக் கோணிக்கொண்டு. நன்றாகவே செய்வார், நானே சிரித்திருக்கிறேன்.

அப்படி நான் பூட்டப்பட்டுக் கிடந்தபோதுதான் பட்டன் போனில் பதில் வந்தது. அதுவும் மலாயில். எழுதியவர் தோட்டத்தில் குலை வெட்டும் இந்தோனேசியர். பெண் மோட்டாரோடு விழுந்துவிட்டாள், கால் உடைந்திருக்கிறது, பேசுகிறாள், அங்கே லைன் இல்லாததால் அவள் போனை நான் மேட்டுக்குக் கொண்டுவந்தேன், அவள் கிடப்பது கீழே, தண்ணீர் இறைக்கும் பம்பு வீட்டுப் பக்கம், நான் திரும்ப அவளிடம் போகிறேன்.

பேசுகிறாள் என்ற சொல்லை அக்காவை மூன்று தடவை படிக்கச் சொன்னேன்.

நான் அழைத்திருந்தால் அந்த மனிதரே எடுத்துப் பேசியிருப்பார், விஷயம் இன்னும் சீக்கிரம் தெரிந்திருக்கும் என்று பிறகு அக்காவிடம் வாதாடினேன். பேட்டரி போயிருக்கும் என்றார். போயிருக்காது என்றேன். "உன் பிள்ள வந்துட்டாள்ல, போ" என்றார். யார் சொன்னது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அக்காவின் பட்டன் போனிலிருந்து ஆம்புலன்சுக்கு அழைத்தேன். பம்பு வீட்டுக்கு வழி சொல்லத் தெரியாமல் திணறினேன். அக்கா போனை வாங்கி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு வைத்தார். கடைக்கதவை இழுத்துவிட்டு, கணவரின் வேனை அவரே எடுத்தார். டீசல் ஊற்றப் போகும் கணவரோடு அந்தப் பக்கமெல்லாம் போய்வந்தவர். வேனுக்குள் டீசல் நாற்றம். நான் என் போனைத் திறந்துவிட்டேன், பிறந்தநாள் ஒருவழியாக ஞாபகம் வந்திருந்தது. மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். செம்பனை வரிசைக்குள் நுழைந்ததும் லைன் கோடுகள் ஒவ்வொன்றாக விழத் தொடங்கின.

"அக்கா, லைன் கொறையுது. திரும்பிரலாமா? யாராச்சும் அடிச்சா..."

"கொறையட்டும். லைன் இல்லாத எடத்துலதான அவ கெடக்குறா."

கடைசிக் கோடும் போனபோது பம்பு வீடு வந்தது. அங்கே யாரும் இல்லை. மண்பாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டிலும் மழைத்தண்ணீர், இரண்டிலும் மோட்டார்த் தடம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செம்பனை. கையில் செத்த போனைப் பிடித்துக்கொண்டு நான் அக்காவைப் பார்த்தேன்.

"என்ன என்னயப் பாக்குற? கண்ணாடிய எறக்கிட்டுக் கத்து."

தலையை வெளியே நீட்டினேன். மகளின் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஹலோ!" என்று கத்தினேன். "ஹலோ... ஹலோ!"

அக்கா எஞ்சினை அணைத்தார். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது.

"ஹலோ! அப்பா பேசுறேன்!"

இடது பக்கம், மரங்களுக்கு உள்ளேயிருந்து, வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"கேக்குதுப்பா. கத்தாதீங்க."